கேட்டது ஒரு பேர்

அங்கனயே நில்லு. செருப்போட உள்ள வராத. நான் சுத்தம் பாக்கவ இல்ல. இங்க கிடக்க குறளிக்குத் தோல் வாடை ஆகாது, பொறவு பொழுது பூரா என் உசிர எடுக்கும்.

நீ யாருன்னு சொல்லாண்டாம். சுகந்தி. சுயம்புலிங்கம் அத்தானுக்கு ரெண்டாந்தாரமா வந்தவ. எங்கக்கா செல்வக்கனி பொழங்கின அடுப்படியில இப்பம் பொழங்குதவ. உங்க கல்யாணத்துக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லல. ஆனாலும் நான் வந்தேன். மண்டபத்துக்கு எதுத்தாப்புல வேப்பமரத்தடியில நின்னு பாத்தேன். அன்னைக்கு நல்லா மினுமினுன்னு இருந்த. இப்பம் என்னட்டி, காஞ்ச ஓலை மாதிரி வந்து நிக்க?

ஒளிச்சு வைக்கணுமா? நல்லாக் கேட்ட போ. இந்த ஊர்க்காரன் எவனும் என் வாசல்ல நின்னு ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா மட்டும் பின்வாசல் வழியா வருவாவ. தெருவுல பாத்தா 'சூனியக்காரி', பின்வாசல்ல நின்னா 'முப்பிடாதி, நீதான் காப்பாத்தணும்'. அப்படிப்பட்ட வீட்டுல வந்து ஒளிய நிக்க. உனக்கு அம்மை வீடு இல்லியா?

திருப்பி அனுப்பிட்டாவளா. அதான பாத்தேன்.

என்ன? நான் செல்வக்கனி தங்கச்சி, அதனால நீ சொன்னா நம்புவேனா? என்னத்த நம்பணும்? இரு, வாயத் தொறக்காத. மொதல்ல நான் சொல்லுதத நீ கேளு. அந்த வீட்டுல என்ன நடந்துதுன்னு உனக்கு என்ன தெரியும்? நான் பேயிகிட்ட பேரம் பேசித் தெரிஞ்சிக்கிட்டவ. உக்காரு. அந்தப் பலகையில வேண்டாம், அது அத்தான் வந்தா உக்காருத எடம். கீழ உக்காரு.

நான் சமைஞ்ச வருசம் பெரிய காய்ச்சல்ல கிடந்தேன். எந்திரிச்சு வெளிய வந்தா, எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. புன்னமரத்து மூட்டுல குறளி குத்த வச்சிருக்கு. குறளின்னா சின்னது, மொழ ஒசரம் இருக்கும், எடுபிடி வேலைக்கு ஆகும், ஒட்டுக் கேக்க ஆகும். செம்மண்ணு மேடா கிடக்க தேரிக்குள்ள, மண்ணு மூடிப்போன பழைய கெணத்துல மணல்முனி கிடக்கான். அவன் பெரியவன். அவன் மூச்சு விட்டா செம்மண்ணு புழுதியா எந்திரிச்சு நிக்கும். கண்ணுக்குத் தெரியுதத நான் என்ன செய்ய முடியும்? அது பேசிச்சு, நானும் பேசினேன். வேல சொன்னேன், கூலி கேட்டுது. அப்படியே பழகிட்டு. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல.

எங்கம்மை பயந்துக்கிட்டேதான் எனக்குச் சோறு வைப்பா. அக்கா மட்டும் பயப்படல. தைரியம்னு நெனச்சிராத, அவளுக்கு விவரம் அவ்வளவுதான். 'குறளி எங்க இருக்கு, காட்டு'ன்னு கேட்டு அதுக்குக் கருவாட்டுத் தல கொண்டு வைப்பா. எனக்கு எரிச்சலா வரும். அவ வாயி ஓயாது. கெட்டிக் குடுத்த பொறவும் அப்பப்ப வந்து, மதினி இப்படிச் சொன்னா, இவிய இப்படிப் பாத்தாவன்னு ஒரே பொலம்பல். எங்கிட்ட சொல்லுததுக்குன்னே பஸ் ஏறி வருவா. ஊர்ல வேற ஆளா இல்ல?

கெட்டிக் குடுத்த எடம் நல்ல எடம். அத்தான மாதிரி ஒரு மனுசன் கிடைக்கணுமே. சத்தம் போட்டு ஒரு வார்த்த பேச மாட்டாவ. எப்பவும் சிரிச்ச முகம். என்னைய மட்டும் அவிய ஒருநாளும் சூனியக்காரின்னு சொன்னதில்ல. 'முப்பிடாதி, நீ கெட்டிக்காரி'ம்பாவ. பிள்ள இல்ல, அந்தக் கொற மட்டுந்தான். அதுக்குத்தான் வெயிலுகந்தாள் ஆடுனா. வெயிலுகந்தாள் யாருன்னு உனக்குத் தெரியாது, நீ வாரதுக்கு முன்னாலயே போயிட்டா. அத்தானுக்கு அக்கா. எங்கக்காவுக்கு மதினி. புருசன் இல்லாதவ, தம்பி வீட்டையே முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தா. 'என் தம்பிக்கு வேற பொண்ணு பாக்கணும், நீ அவன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போ'ன்னு அக்கா உசிர வாங்குனா. அக்கா மாட்டேன்னுட்டா. 'எழுதியும் குடுக்க மாட்டேன், எறங்கியும் போக மாட்டேன்'னுட்டா. மத்த எதுக்கும் வாயில்லாதவளுக்கு அந்த ஒண்ணுல மட்டும் எங்கேருந்து ரோசம் வந்துதோ.

பங்குனி மாசம். வெயிலு கொளுத்துது. காலையில அத்தான் பைக்குல வந்தாவ. முகமெல்லாம் வேர்த்து ஒழுகுது. 'செல்வக்கனி கெணத்துல விழுந்து செத்துப் போயிட்டா'ன்னு வாசல்ல உக்காந்துட்டாவ. நானும் அம்மையும் விழுந்தடிச்சு ஓடுனோம். அங்க போனா, அப்பந்தான் பாதாளக்கரண்டியக் கயித்துல கட்டி கெணத்துக்குள்ள எறக்கித் தேடிக்கிட்டு இருக்காவ. உள்ள ஆளு இருக்காளா இல்லியான்னே அங்க ஒருத்தருக்கும் தெரியல. அத்தானுக்கு மட்டும் முன்னாலயே மனசு சொல்லியிருக்கு. பாத்துக்கோ, எவ்வளவு நேசம் இருந்தா அப்படித் தெரியும்!

ஏன் அப்படிப் பாக்க? கதையக் கேளு.

அக்காவ மேல தூக்கிப் போட்டாவ. சேலை உடம்போட ஒட்டிக் கிடக்கு. ஒத்தக் கையில கண்ணாடி வளையல் உடைஞ்சு சதையில குத்தி நிக்கி. அதப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவ தானா விழல, எதையோ பிடிச்சுக்கிட்டுத் தொங்கியிருக்கான்னு. நான் சொல்லி யாரு கேக்கா? போலீசு வந்துது, மனக்கஷ்டத்துல தானா விழுந்துட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டு. ஊரு அதையும் நம்பல. அவிய வேற ஒண்ணு சொன்னாவ. 'தங்கச்சி வளக்குத பேயிதான் அக்காவ இழுத்துட்டு.' வெயிலுகந்தாள்தான் மொதல்ல சொன்னா. நெஞ்சுல அடிச்சு அழுதவ, அப்படியே வந்து என் முடியப் பிடிச்சா. 'நீதாண்டி கொன்ன.' எங்கக்கா உடம்பக் குளிப்பாட்டக்கூட என்னைய விடல. தெரு முக்கு வரைக்கும் கல்லெறிஞ்சு வெரட்டுனாவ. இந்தா பாரு, இந்தப் புருவத்துல. தையல் போட வந்த நர்சுகூட என் மேல கை படாம தைக்கப் பாத்தா.

வீட்டுக்கு வந்து அம்மை ஒண்ணு கேட்டா. 'போன வாரம் அவ வந்து, புன்னமரத்தடியில உங்கிட்ட அப்படி அழுது அழுது பேசினாளே. என்னட்டி சொன்னா?'

'என்னத்தச் சொல்லுவா, எப்பவும் சொல்லுததுதான்'னேன். அம்மை விடல. 'உன் கையப் பிடிச்சுக்கிட்டுல்லா சொன்னா, நான் அடுப்படியிலேருந்து பாத்தேனே'ன்னா. நான் அன்னைக்கு மொச்சப்பயறு பொடச்சுக்கிட்டு இருந்தேன். அவ கையப் பிடிச்சதுல மொறம் சரிஞ்சு பயறெல்லாம் மண்ணுல கொட்டிட்டு. எனக்கு அந்தக் கோவம். அவ பேச்சக் கேட்டேன், கேக்காம இல்ல. காதுல விழுந்துது. உள்ள போட்டு வச்சுக்கல, அவ்வளவுதான்.

குறளியக் கூப்பிட்டேன். 'அந்த வீட்டுக்குள்ள போயி யாரு என்ன பேசுதாவன்னு கேட்டுட்டு வா, அவிச்ச முட்டை தாரேன்'னேன். முட்டைன்னா உசிர விடும். போன வேகத்துல திரும்பி வந்து என் முந்தானைக்குள்ள பூந்துக்கிட்டு.

'நான் போக மாட்டேன். அங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு.'

'என்னது, பேயா?'

'பேயின்னா எனக்கு அடையாளம் தெரியாதா? இது சிரிச்சுக்கிட்டே சோறு திங்குது.'

குறளிக்கு ஒரு மண்ணும் தெரியாது. வெயிலுகந்தாள் எங்க சிரிச்சா? முட்டைய நானே தின்னுட்டேன்.

பொறவு மணல்முனிகிட்ட போனேன். உச்சி வெயிலுலதான் அவன் எந்திரிப்பான். பனங்காடு தாண்டுனா ஒரே செம்மண்ணுத் தேரி, கால் வச்ச எடமெல்லாம் தீ. கெணத்து மேட்டுல நின்னு கூப்பிட்டேன். மண்ணு ரெண்டா பொளந்து வழி விட்டுது.

'எங்கக்காவக் கொன்னது யாரு? பேரச் சொல்லு.'

'என்ன தருவ?'

'கெடா தாரேன்.'

'கெடா ஊரே தருது. நீ என்ன தருவ?'

வலது கண்ணக் கேட்டான். மாட்டேன்னேன். எங்கம்மை குரலக் கேட்டான். அவளும் ஊமையாயிட்டா எங்கிட்ட பேச ஆளு யாரு? மாட்டேன்னேன். 'அப்பம் போ'ன்னு மண்ண இழுத்து மூடிக்கிட்டான். நான் போகல. உள்ளங்கால் கொப்புளிச்சுட்டு. ஒரு கால மாத்தி ஒரு கால் வச்சு நின்னுக்கிட்டே வாயில வந்ததெல்லாம் வஞ்சேன். அவன் பரம்பரையே நாறுத மாதிரி வஞ்சேன். கடைசியில அவனே எறங்கி வந்தான்.

'சரி. உங்கக்கா கடைசியா உங்கிட்ட பேசினாளே, அந்தப் பேச்சத் தா.'

எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. கண்ணு எங்க, இது எங்க! ஒரு பொலம்பல். மூக்க உறிஞ்சிக்கிட்டு அவ சொன்ன ஊர்ப்பட்ட கதை. அவனுக்கே மனசு கேக்கல போல, 'ஒரு தடவ யோசிச்சுக்கோ'ன்னான். பேயி நம்மள யோசிக்கச் சொன்னா நாம யோசிக்கப்பிடாது, வெல ஏத்தப் பாக்குதுன்னு அர்த்தம். 'எடுத்துக்கோ'ன்னேன். காதுக்குள்ள மண்ணு போன மாதிரி இருந்துது. அவ்வளவுதான். இப்பம் நெனச்சுப் பாத்தாலும், அன்னைக்கு அவ உடுத்திருந்த பச்சச் சேலை தெரியுது, கண்ணு வீங்கியிருந்தது தெரியுது, வாயி அசையுது. சத்தம் மட்டும் இல்ல. அதுல எனக்கு ஒரு நட்டமும் இல்ல.

கூலிய வாங்கிக்கிட்டுப் பதில் சொன்னான். எங்கக்கா குரல்லயே சொன்னான். பேயிக அப்படித்தான், வித்தை காட்டும். 'முப்பிடாதி, எனக்குப் பயமா இருக்குட்டி. மதினி என்னக் கெணத்துல தள்ளிருவா'ன்னுது. தள்ளிருவாவாம்! செத்து எரிச்சு சாம்பலும் கரைச்சாச்சு, இனிமேல்தான் தள்ளப் போறாளாம். பேயிக்கு நேத்து எது நாளைக்கு எதுன்னு தெரியாது. நான் பேர மட்டும் பிடிச்சிக்கிட்டேன். அது நிறுத்தல. 'மதினி மட்டும் இல்லட்டி, இவியளும்...'னு இழுத்துது.

'போதும், நிறுத்து'ன்னேன்.

நான் கூலி குடுத்தது ஒரு பேருக்கு. அதுக்கு மேல காதுல வாங்கிட்டா, அதுக்கும் ஒண்ணு கேப்பான். பேரம் பேசுதவளுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணும்.

'இவிய'ன்னா யாருன்னா கேக்க? யாரா இருந்தா என்ன? புருசனச் சொன்னாலும் இவியதான், மாமனாரச் சொன்னாலும் இவியதான், ரேசன் கடைக்காரரச் சொன்னாலும் இவியதான். நீ வந்ததுலேருந்து எத்தன 'இவிய' சொல்லிட்ட. குறுக்க பேசாத.

பதினாறு அன்னைக்கு நேரா அந்த வீட்டுக்குப் போனேன். பந்தல்ல ஊரே இருக்கு. நடுவுல நின்னு சொன்னேன்: 'எங்கக்காவத் தள்ளினது வெயிலுகந்தாள். முனி சொல்லிட்டான்.' வெயிலுகந்தாள் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துட்டு. அத்தான் எந்திரிச்சு வந்தாவ. கோவப்படல. எங்கிட்ட வந்து, மெதுவா, 'முப்பிடாதி, வேற யாரு பேரையும் சொல்லிச்சா?'ன்னு கேட்டாவ.

'இல்லத்தான். ஒரு பேருதான்.'

அவிய விட்ட மூச்சு எம் மூஞ்சில பட்டுது. பாவம். குடும்பத்துல இன்னும் எவனெவன் கெட்டவனோன்னு பயந்திருப்பாவ. பொறவு ஊர்க்காரங்க என்னைய அடிச்சாவ. பொம்பளைக சேலைய உருவப் பாத்தாளுக. அத்தான் ஒரு ஓரமா நின்னாவ. ஒத்த ஆளு என்ன செய்ய முடியும்?

அடி வாங்குன உடம்போட திரும்பத் தேரிக்குப் போனேன். 'அவ வாயாலயே அவ ஒத்துக்கிடணும்'னேன். முனி என்ன கேட்டான் தெரியுமா? என் வாசல்ல ஒரு மாப்பிள்ள வந்து நிக்கக்கூடாதாம். இந்தத் தடவ எனக்குச் சிரிப்பு வரல. அக்கா போயிட்டா தங்கச்சியக் கட்டுதது நம்ம பக்கம் இல்லாததா? அம்மைகூட அரசல்புரசலா சொல்லிக்கிட்டு இருந்தா. நான் அங்கனயே உக்காந்து அழுதேன். அழுதுட்டுக் குடுத்தேன். நல்லாக் கேட்டுக்கோ, அக்காவுக்காக அதையும் குடுத்தேன். அவ எனக்கு என்ன செஞ்சா? இருந்தும் குடுத்தேன்.

முனி, எங்கக்கா செத்த கெணத்துல போயி உக்காந்தான். வெயிலுகந்தாள் தண்ணி எடுக்கப் போகும்போதெல்லாம் உள்ளேருந்து எங்கக்கா குரல் கூப்பிடும். 'மதினி, கையக் குடுங்க. மதினி, கையக் குடுங்க.' அவ தண்ணி எடுக்குதத விட்டா. பொறவு சாப்பாட்ட விட்டா. காதுல பஞ்ச வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தா. ஒருநா காலையில, பால் ஊத்துத எடத்துல எல்லாரும் நிக்கும்போது தலைவிரி கோலமா ஓடி வந்தா. 'நான்தான் தள்ளுனேன். செவரப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனா. கையத் தட்டிவிட்டது நான் இல்ல, தம்பிதான்...'னு கத்துதா. அத்தான் பின்னாலயே ஓடி வந்து வாயப் பொத்தித் தூக்கிட்டுப் போயிட்டாவ. கூடப்பொறந்தவ பைத்தியமாகி, செஞ்ச பாவத்தத் தூக்கித் தம்பி தலையில போடுதா. அப்படியும் அவள ஒரு வார்த்த சொல்லல. என்ன பொறுமை!

மறுநா அவ அதே கெணத்துல மெதந்தா. வீட்டுல அத்தான் மட்டுந்தான் இருந்திருக்காவ. கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள போயிட்டாளாம்.

நான் தேரிக்குப் போயி முனிக்குப் பூசை வச்சேன். அவன் தொடல. 'அது நான் இல்ல'ன்னான். 'கூப்பிட்டேன், ஒத்துக்கிட வச்சேன். கெணத்துல போட்டது நான் இல்ல. அந்த வீட்டுல எனக்கு மேல ஒருத்தன் இருக்கான். அவன் செஞ்ச வேலைக்கு நான் கூலி வாங்கப்பிடாது. உன் மாப்பிள்ளைய நீயே வச்சுக்கோ'ன்னு குடுத்தத என் மடியிலயே திருப்பிப் போட்டுட்டான். பேயி பொய்தான் சொல்லும். ஆனா குடுத்தது திரும்ப வந்தா யாரு வேண்டாம்பா? சந்தோசமா வீட்டுக்கு வந்தேன். தல முழுகி, பூ வச்சு, வாசல் தெளிச்சேன்.

அத்தான் வந்தாவ. அடிக்கடி வந்தாவ. பலகையில உக்காந்து காப்பி குடிப்பாவ. 'உன் பேயிக வேற என்ன சொல்லுது முப்பிடாதி? செல்வக்கனி கடைசியா உங்கிட்ட என்னவெல்லாம் பேசினா?'ன்னு திரும்பத் திரும்பக் கேப்பாவ. அதத்தான் முனிகிட்ட குடுத்துட்டேனேன்னு ஒருநா சொன்னேன். அன்னைக்கு அவிய சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கும் சிரிப்பா வந்துது. ரெண்டு பேரும் சிரிச்சோம். தையில கேப்பாவ, மாசியில கேப்பாவன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஆவணியில உன்னக் கட்டிக்கிட்டு வந்து நிக்காவ. ஊரு வாய்க்குப் பயந்துதான். பேயி பிடிச்சவளக் கட்டுனா ஊரு சும்மா இருக்குமா? அவியளச் சொல்லிக் குத்தம் இல்ல.

இப்பம் சொல்லு. உனக்கு என்ன கேடு?

சத்தமாச் சொல்லுட்டி, முணுமுணுக்காத. வந்து இத்தன வருசம் ஆகியும் பிள்ள இல்லன்னு வேற பொண்ணு பாக்காவளா? பாக்கத்தான செய்வாவ, ஆம்பிளைக்கு வாரிசு வேண்டாமா? எழுதிக் குடுக்கச் சொன்னாவளா? நீ மாட்டேன்னுட்டியா? அப்பம் கோவம் வரத்தான் செய்யும். நேத்து கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, 'உள்ள எட்டிப் பாரு'ன்னாவளா? தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பாக்கச் சொல்லியிருப்பாவ. 'இங்கனதான் செல்வக்கனியும் நின்னா'ன்னாவளா? பழச நெனச்சு வருத்தப்பட்டிருப்பாவ. பிடரியில கை வச்சாவளா? பொண்டாட்டி விழுந்துரப்பிடாதுன்னு பிடிச்சிருப்பாவ. ஒரு மனுசன் ஆசையாத் தொட்டா அது எதுக்குன்னுகூடத் தெரியாத பொம்பள நீ. என்னைய அப்படி ஒருத்தர் பிடிச்சிருந்தா நான் எங்கயும் ஓடியிருக்க மாட்டேன்.

எங்க எந்திரிக்க? உக்காரு. நீ பனங்காட்டு வழியா தட்டுத் தடுமாறி வாரதப் பாத்த ஒடனேயே நான் அத்தானுக்குப் போன் போட்டுட்டேன். 'வாரேன், அதுவர அவளப் பேச்சுக் குடுத்து வை'ன்னாவ. இவ்வளவு நேரம் பின்ன எதுக்கு உங்கிட்ட தொண்டத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டு இருக்கேன்னு நெனச்ச? உன் மூஞ்சியப் பாக்க எனக்கு ஆசையா?

கால விடு. ஏட்டி, கால விடுங்கேன். இந்த அழுகையெல்லாம் எங்கிட்ட செல்லாது.

பைக்குச் சத்தம் கேக்குது. கண்ணத் தொடச்சுக்கோ. அவிய முன்னால இப்படி நிக்காத.

வாங்கத்தான். உள்ளதான் இருக்கா. பின்வாசலையும் பூட்டிட்டேன்.